இவண், மாரீஸ்வரன்

மாரீஸ்வரன் எழுதிக் கொடுத்த முதல் கட்டுரையில், கட்டுரையைவிட நன்றி நீளமாக இருந்தது. தாராவியில் புதிதாகத் திறந்த ஒரு சின்ன நூலகத்தைப் பற்றி அரைப் பக்கம் கேட்டிருந்தோம். நூலகம் பத்து வரியில் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே "இவண்" என்று போட்டு, சாவி வைத்திருப்பவர், அலமாரி கொடுத்தவர், அலமாரியைத் தூக்கி வந்தவர்கள், தூக்கி வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் என்று ஒரு தெருவே வரிசையாக நின்றது.

எங்கள் ஆசிரியர் பாகீரதி மேடம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேடம் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின், மாடுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் 'அரபிக்கரை' என்ற மாத இதழை நடத்துகிறவர். மும்பைத் தமிழர்களுக்கான இதழ், இரண்டே அறை. உதவி ஆசிரியர், படம் எடுப்பவள், உறையில் முகவரி ஒட்டுபவள் எல்லாம் நான் ஒருத்திதான். பெயர் வந்தனா, செம்பூரிலிருந்து வருகிறேன். மாரி மூன்று மாத இன்டர்னாக எங்களிடம் வந்து சேர்ந்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

இது கட்டுரையா, கல்யாணப் பத்திரிகையா என்று மேடம் கேட்டார். ஃப்ளெக்ஸ் வாசகம் மேடம், அதுதான் எனக்குத் தெரியும் என்றான் அவன். முகத்தில் அசடும் இல்லை, திமிரும் இல்லை. எனக்கு அப்போதே அவனைப் பிடித்துப்போனது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தாராவி தொண்ணூறடி ரோட்டில் தப்ரேஸ் பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் ஒரு பட்டமும் வாங்கினான். கடைக்கு வருகிற தமிழ் ஆர்டர் அத்தனைக்கும் வாசகம் அவனுடையதுதான். பிறந்தநாள், காதுகுத்து, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும். அந்த உலகத்தில் பெருங்குற்றம் ஒன்றே ஒன்று, பெயரை விட்டுவிடுவது. மாமா மகன் பெயர் விட்டுப்போனால் கல்யாண வீட்டில் கைகலப்பு. பெரியப்பா படத்தைவிடச் சித்தப்பா படம் ஒரு விரல் பெரிதாகிவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோகும். அதனால் அச்சுக்குப் போகுமுன் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் அனுப்பி, அவர் ஓகே சொன்ன பிறகுதான் மெஷினில் ஏற்றுவார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவன் கவிழ்ந்தது இதில்தான்.

நிமிர்ந்ததும் அந்தக் கடையில் கற்றதை வைத்துத்தான். நான் பேட்டி எடுக்கப் போனால், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்பேன். எதிரே இருப்பவர் உடனே பேச்சுப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரி விறைத்துக்கொள்வார். மாரியை ஒருநாள் குர்லாவில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கூட்டிப் போனேன். மனைவி இறந்து சில மாதங்களே ஆனவர், எதைக் கேட்டாலும் ஆமாம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். பட்டறையைப் பற்றி ஒரு வரி கிடைக்காமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, அத்தை காப்பிக்குச் சீனி நிறையப் போடுவாவளா என்று மாரி கேட்டான். அவ்வளவுதான். மனிதர் சிரித்துவிட்டார். பட்டறைக்குக் காப்பித் தூக்கு வந்த கதையில் ஆரம்பித்து, பட்டறை வந்த கதை முழுவதையும் சொல்லி முடித்தார். எப்படியப்பா என்று கேட்டேன். அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு வருகிறவர்களிடம் இறந்தவரைப் பற்றிக் கேட்டால் அழுவார்கள், இறந்தவர் என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்று கேட்டால் பேசுவார்கள் என்றான். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை அவனிடமே சொன்னேன்.

அன்று திரும்பும்போது கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில் ஆளுக்கொரு ஃபில்டர் காப்பி குடித்தோம். பத்திரிகைக்கு எதற்கு வந்தாய், தப்ரேஸ் பாய் இதைவிட நன்றாகக் கொடுப்பாரே என்று கேட்டேன். தம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னான்.

"ஏழு வருசமா எழுதுதேன் வந்தனாக்கா. எழுதுனது பூரா மூணு நாள்ல முனிசிபாலிட்டி வண்டில ஏறிப் போயிருது. ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் போட்டாச்சு, என் பேரு எதுலயும் இல்ல. ஒரே ஒரு தடவ வரணும். கீழ இல்ல, மேல, தலைப்புக்கு அடுத்தாப்ல. யாரும் கழட்டாத ஒண்ணுல."

லிஃப்ட் கதையை அவனே கொண்டுவந்தான். சுனாபட்டியில் குடிசைகளை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. பாதிப் பேர் மாரியின் உறவுக்காரர்கள், தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். புத்தம் புது லிஃப்ட். ஆனால் பூட்டியே இருக்கிறது. பழுது ஒன்றும் கிடையாது. புதுசு கெட்டுவிடக்கூடாது என்று கமிட்டித் தலைவர் பூட்டி வைத்திருக்கிறார். பொத்தான்களின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தைக்கூட இன்னும் உரிக்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். புதுப்பெண் வீட்டுக்கு வந்தால் திறப்பார்கள், ஓட்டுக் கேட்டு யாராவது பெரிய ஆள் வந்தால் திறப்பார்கள், பிணம் இறக்கத் திறப்பார்கள். மற்றபடி எல்லோரும் படிதான்.

தலைவர் பெயர் சுயம்பு. குர்லாவில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறார். அந்தக் கட்டடத்துக்காக வருடக்கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர், அதனால் அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. ஏழாவது மாடியில் இருக்கும் மீனாட்சியம்மாள் அவருடைய செத்துப்போன அண்ணன் மனைவி. குடிசையில் இருந்தவரைக்கும் அந்த அம்மாள் விடியற்காலையில் இட்லி அவித்து, ஸ்டேஷன் போகிற வழியில் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தார். ஏழாவது மாடிக்குப் போனபின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்க முட்டி விடவில்லை. வியாபாரம் நின்றுபோனது. இட்லிக் கொப்பரையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மகன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் படம் எடுக்கப் போன அன்று, கொப்பரையை வெளியே இழுத்துத் துடைத்து வைத்தபிறகுதான் எடுக்க விட்டார். அவர் மாரியிடம் சொன்னதை அவன் அப்படியே எழுதியிருந்தான்.

"கல்யாணப் பொண்ணு ஏறலாம், ஓட்டு கேக்க வாரவன் ஏறலாம், பொணம் எறங்கலாம். இதுல நான் எதுல சேத்தி? மூணாவதுலதான் எனக்கு வாய்க்கும் போலிருக்கு."

மேடம் அதைத் திரும்ப இரண்டுமுறை படித்தார். கட்டுரையில் "இவண்" இல்லை, நன்றி இல்லை, யாரும் யாருக்கும் அன்பு அண்ணன் இல்லை. மூன்றுமுறை அடித்துத் திருத்தி எழுதிய கட்டுரை அது. பேஷ் என்றார் மேடம். நான் அங்கே வேலை பார்க்கிற காலத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதிகம் கேட்டதில்லை. இரண்டு பக்கம் கொடுக்கலாம், தலைப்புக்குக் கீழே உன் பெயர் வரும் என்றும் சொன்னார். மாரி போய்க் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தான்.

அன்று சாயங்காலமே அவன் அந்தக் கட்டுரையைச் சுயம்புவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். கீழே ஒரு வரி: சரிபார்த்து ஓகே சொல்லவும்.

பத்திரிகைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடமே அச்சுக்கு முன் கட்டுரையைக் காட்டக்கூடாது என்பது எங்களுக்கெல்லாம் அவ்வளவு தெரிந்த விஷயம். அதனாலேயே அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஏழு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவன், அந்த ஒழுங்கின்படியே நடந்துகொண்டான். ப்ரூஃப் காட்டாமல் அச்சடிப்பதுதான் அவனுக்குத் தெரிந்த அயோக்கியத்தனம்.

மறுநாள் காலை அவன் போனில் சுயம்புவின் குரல் பதிவுகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. மயினி மீனாட்சியம்மாள் சொன்னதை எடுக்கவேண்டும் என்பதுதான் எல்லாவற்றின் சாரம். மாரி போனை மேடத்தின் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். "என்ன பண்ணியிருக்கேன்னு தெரியறதா? அந்த அம்மா உன்னை நம்பிச் சொன்னா. அது அச்சிலே வர்றதுக்கு முன்னாடியே அந்தத் தலைவர் வீட்டு வாசல்லே கொண்டு போட்டுட்டே. இதை நிறுத்தறேன்."

நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் மாரி எழுந்துவிட்டான். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுத்துவது உங்கள் இஷ்டம் மேடம், மீனாட்சிப் பெரியம்மாவுக்கு மற்றவர் வாயால் தெரிவதற்குள் நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னான். என்னையும் கூடப் போகச் சொன்னார் மேடம்.

சயான் வரை பஸ், அதற்குப்பிறகு ஆட்டோ. ஏழு மாடி ஏறினோம். மூன்றாவதிலேயே நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மீனாட்சியம்மாள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாரி அவருக்கு எதிரில் அப்படியே உட்கார்ந்து, நீங்க சொன்னத அண்ணாச்சிக்கு அனுப்பிட்டேன் பெரியம்மா, அனுப்பியிருக்கக்கூடாது, என் தப்பு என்றான். அந்த அம்மாள் கீரையை விடவில்லை. அனுப்பியது நல்லதாகப் போயிற்று, நேரில் சொல்லலாம் என்றால் இந்த மாடிக்கு எவன் ஏறி வருகிறான் என்றார்.

அவர் வாய் மூடவில்லை, சுயம்பு வந்துவிட்டார். இரண்டாவது மாடியில் இருக்கிறவர், சாவி இடுப்பில் தொங்குகிறது, ஆனாலும் படியேறித்தான் வந்தார். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறாத மனுஷன், அதை நான் சொல்லத்தான் வேண்டும். திட்டுவதற்கென்று வந்தவருக்கு மூச்சு வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் மாரியின் பக்கம் நீட்டினார், வாயிலிருந்து காற்றுதான் வந்தது. மீனாட்சியம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"மூச்சு வாங்கிட்டு ஏசுங்க கொழுந்தனாரே. அவசரமில்ல."

எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. சுயம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கு எத்தனை ஃப்ளெக்ஸ் எழுதியிருக்கிறாய், ஏழைகளின் ஏணி என்று எழுதியவன்தானே நீ, இப்போது இப்படி எழுதுகிறாயே என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம்.

மாரி எழுந்து நின்றான். "அது நீங்க சொன்னத எழுதுனது அண்ணாச்சி. இது நான் பாத்தத எழுதுனது. ப்ரூஃப் அனுப்புனது தப்பு, ஒத்துக்கிடுதேன். எழுதுனதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க, இப்பவே மாத்துதேன். பெரியம்மா பேச்ச மட்டும் நீங்க சொல்லி எடுக்க மாட்டேன். அவிய சொன்னா எடுக்கேன்."

எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தோம். ஒரு எழுத்தை எடுக்கக்கூடாது என்றார் அவர். பெயரையும் முழுதாகப் போடச் சொன்னார்.

சுயம்பு எழுந்து போயிருப்பார், பேச்சு அதோடு நின்றிருக்கும். அப்போது மாரி அவனுடைய ஃப்ளெக்ஸ் கடைக் கேள்வி ஒன்றைக் கேட்டான். லிஃப்ட் வந்த அன்றைக்கு முதன்முதலில் யாரை ஏற்றினீர்கள் அண்ணாச்சி என்றான். சுயம்பு செம்பைக் கீழே வைத்தார்.

"எங்கம்மாவ. போட்டோவ நெஞ்சோட வச்சுக்கிட்டு நான் மட்டும் ஏறுனேன்."

பிறகு அவராகவே சொன்னார். இந்தக் கட்டடம் எழும்புகிறவரை அவர்களை வேறொரு கட்டடத்தில் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். அங்கே லிஃப்ட் சில மாதம்தான் ஓடியது. நின்றபின் ஆளாளுக்கு அந்தக் குழிக்குள் குப்பையைக் கொட்டினார்கள், கடைசியில் நாற்றம் தாங்காமல் தகரம் அடித்து மூடினார்கள். அங்கே இருந்தபோதுதான் அவருடைய அம்மா இறந்தார். ஐந்தாவது மாடியிலிருந்து நாற்காலியில் வைத்துக் கட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்து இடித்து இறக்கினார்கள். புது லிஃப்ட் ஒருநாளும் அந்தக் கதிக்கு வரக்கூடாது, இங்கே எந்தப் பிணமும் படியில் இறங்கக்கூடாது என்று அன்றைக்கே மனசில் முடிவு பண்ணியிருந்தாராம். சொல்லும்போது இடுப்புச் சாவியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். இவரை நான் ஒரு கோமாளியாகத்தான் நினைத்து வந்திருந்தேன். அதற்குமேல் அப்படி நினைக்க முடியவில்லை.

மீனாட்சியம்மாள் கீரைத் தட்டை நகர்த்தி வைத்தார். "அத்தைய எறக்குனப்ப கால்மாட்டுல பிடிச்சது நாந்தான, எனக்குத் தெரியாதா? அத்தை இன்னைக்கு இருந்திருந்தா சாவிய உங்ககிட்ட கொடுத்திருக்க மாட்டா. மருமவ இட்லிச் சட்டிய எறக்கட்டும்னு தொறந்து விட்டிருப்பா."

சுயம்பு ஸ்டூலிலிருந்து எழுந்தார். வந்த வழியே படியிறங்கிப் போய்விட்டார்.

ஆபீசுக்குத் திரும்பியதும் மாரி கட்டுரையில் சுயம்புவின் அம்மாவைச் சேர்த்தான். மீனாட்சியம்மாள் முன்பு சொன்னதில் கை வைக்கவில்லை. சுயம்பு சொன்னதையும் அவர் சொன்னபடியே, ஒரு கேலி இல்லாமல் எழுதினான். முன்பு அது ஒரு நல்ல புகார்க் கட்டுரை. இப்போது இரண்டு பக்கத்து மனிதர்களும் அதில் உயிரோடு இருந்தார்கள். மேடம் வெகு நேரம் படித்தார். கட்டுரை வரும் என்றார். உன் பெயர் வராது, 'நம் நிருபர்' என்றுதான் போடுவேன், முன்கூட்டிக் காட்டிய கட்டுரைக்கு இந்த இதழில் பெயர் கிடையாது என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் எதற்காக இங்கே வந்தான் என்று எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன், மாரி மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினான். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக் கத்தினேன். மேடம் சொல்வது சரிதானே, லிஃப்ட் சாலு ஆகி ஓடினால் போதும் வந்தனாக்கா, காலி பீலி வீண் டென்ஷன் வேண்டாம் என்றான். சொல்லிவிட்டு, முகவரி ஒட்டவேண்டிய உறைக்கட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டான். அன்று அவன் ஒட்டிய உறை ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருந்தது.

இதழ் வந்தது. சுனாபட்டிக் கட்டடத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். ஏச்சுக்குப் பயந்துகொண்டிருந்த எங்களுக்குச் சுயம்புவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மாரியின் போனுக்குச் சுயம்புவின் குரல் பதிவு ஒன்று வந்தது. லிஃப்ட்டைத் திறப்பதென்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. ஆனால் சும்மா திறந்துவிட முடியுமா, விழா எடுத்துத்தான் திறக்கவேண்டும், தப்ரேஸ் பாய் கடையில் ஃப்ளெக்ஸ் சொல்லியாகிவிட்டது, வாசகம் நீதான் எழுதவேண்டும் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனுஷர் தோற்றதற்கும் மேளம் வைக்கிறாரே என்றேன். மாரி சிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, மனதார எழுதிக் கொடுத்தான். மேலே சுயம்புவின் அம்மா படம், அதற்குக் கீழே "மின்தூக்கித் திறப்பு விழா", தலைமை சுயம்பு, முதலில் பயணம் செய்பவர் திருமதி மீனாட்சியம்மாள். அடியில் "இவண்" போட்டு, கட்டடத்தில் ஒரு வீடு விடாமல் அத்தனை பெயர். வழக்கப்படி ப்ரூஃப் அனுப்பினான். சரிபார்த்து ஓகே சொல்லவும்.

நாங்கள் டிபன் டப்பாவைக் கழுவி வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கை ஈரமாக இருந்ததால் அவன் ஸ்பீக்கரில் போட்டான். மேடமும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏல மாரி, ஒரு பேரு விட்டுப் போச்சுல்லா. எல்லாம் பாத்துட்டேன், உன் பேரு எங்கயும் இல்ல. புத்தகத்துலயும் தேடிப் பாத்தேன், அதுலயும் இல்ல. ஒரு பேர விட்டா குடும்பமே சண்டைக்கு வரும்னு நீதான சொல்லுவ. எழுதியவர் மாரீஸ்வரன்னு போடு. கீழ இவண்ல போடாத, மேல மயினி பேருக்கு அடுத்தாப்ல போடு. போட்டுட்டு மறுபடி ப்ரூஃப் அனுப்பு, நான் பாக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மாரி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஊரார் பெயரையெல்லாம் கீபோர்டைப் பார்க்காமலே அடிக்கிறவன், தன் பெயரைத் தப்பாக அடித்து அழித்து, மறுபடி அடித்தான். மேடம் வந்து அவன் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். எழுத்து சின்னதா இருக்கு, இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திறப்பு விழாவில் மீனாட்சியம்மாள் கொப்பரையும் கையுமாகத்தான் லிஃப்ட்டில் இறங்கினார். மாரி தன் பெயர் போட்ட ஃப்ளெக்ஸின் பக்கமே போகவில்லை. லிஃப்ட் கதவு மூடிவிடாமல் காலை நீட்டிக்கொண்டு, பெரியம்மா பாத்து, பெரியம்மா பாத்து என்று நின்றிருந்தான். அவன் பெயர் இப்போது 'அரபிக்கரை'யில் மாதாமாதம் வருகிறது, தலைப்புக்கு அடுத்தாற்போலவே. மூன்று மாதம் முடிந்த அன்று மேடம் அவனைப் போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான் நியமன உத்தரவு.

அந்த ஃப்ளெக்ஸை முனிசிபாலிட்டி வண்டி கொண்டுபோகவில்லை. அது வருவதற்குள் மீனாட்சியம்மாளே கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டார். மழை தொடங்கியதும், ஸ்டேஷன் போகிற வழியில் தான் இட்லி விற்கிற இடத்துக்குமேல் அதைக் கூரையாகக் கட்டிவிட்டார், எழுத்துள்ள பக்கம் உள்ளே இருக்கும்படி. நேற்று ரயில் தாமதமானதால் அங்கே இறங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் சட்னிக்குக் காத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான்: எழுதியவர், மா-ரீஸ்-வ-ரன்.